கேபினெட்டை அறுக்கும் முன்னும் பின்னும்: சூடு, பஞ்சு, ஷாக், சத்தம்

கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் லேசர் கட்டிங்கும் பவுடர் கோட்டிங்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அதனால் கம்ப்யூட்டர் கேபினெட்டில் ஓட்டை போடுவது இங்கே பெரிய வேலையே இல்லை. அந்தத் தைரியத்தில் எதற்கு என்று கேட்காமலே போட்டுவிடுகிறார்கள். "மேல ரெண்டு ஃபேன் வெக்கோணுங்க" என்று வருகிறவரிடம் "என்ன பண்ணுதுங்க?" என்று கேட்டால் "சூடுங்க" என்பதோடு நின்றுவிடுவார். எது சூடு, எப்போது சூடு, பக்கத்து மூடியைக் கழற்றினால் என்ன ஆகிறது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டால், பல சமயம் டிரில்லைக் கையில் எடுக்கவே வேண்டியதில்லை. கீழே வருவதெல்லாம் அந்த வரிசைதான்: என்ன பண்ணுகிறது என்பதிலிருந்து எங்கே கை வைப்பது என்பது வரை.

எதற்கும் முன்னால்: அளவு

எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி, பிராசசரின் சூட்டைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். அறைக்குள் ஒரு சாதாரண தெர்மாமீட்டரும் இருக்கட்டும். காற்றால் குளிர்விக்கும் எந்த ஏற்பாடும், அதில் தண்ணீர் ஓடும் கூலரும் சேர்த்தி, அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் இறக்காது. ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்; தகரக் கூரை போட்ட அறையென்றால் கேட்கவே வேண்டாம். மார்கழியில் அறை 25, பிராசசர் 65. சித்திரையில் அறை 40, பிராசசர் 80. இரண்டுக்கும் வித்தியாசம் அதே 40தான். கேபினெட்டில் எந்தக் குறையும் இல்லை, வெயில்தான் ஏறியிருக்கிறது. ஆகவே காட்டும் எண்ணை அப்படியே எழுதாமல், அதிலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து எழுதிவையுங்கள்.

எவ்வளவு வரை போகலாம் என்பது பிராசசரைப் பொறுத்தது. இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் பெரும்பாலானவை 100 டிகிரியில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்கள் முழுச் சுமையில் 95 வரை ஏறி அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அதைப் பார்த்துப் பயந்து கேபினெட்டை அறுத்தாலும் மறுபடி 95லேயே நிற்கும், வேகம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கும்.

இனி முக்கியமான சோதனை. மூடியைப் போட்டு இருபது நிமிஷம் சுமை கொடுங்கள். வழக்கமாக ஆடும் கேமே போதும். அளவைக் குறித்துக்கொண்டு, பக்கத்து மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அதே இருபது நிமிஷம். ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி கேபினெட். ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கியதென்றால் கேபினெட் பாவம், விட்டுவிடுங்கள்.

"மூடினா கொதிக்குது, கழட்டினா இறங்கிடுது"

உள்ளே காற்று வரவில்லை என்று பொருள். வெளியே போகவில்லை என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் மேலே ஓட்டை போடத்தான் அவசரப்படுவார்கள். உள்ளே வராத காற்று வெளியே எப்படிப் போகும்? முன்பக்கத்தைப் பாருங்கள். முழுக் கண்ணாடியோ, பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் முகப்போ இருக்கும். அதற்குப் பின்னால் மூன்று ஃபேன் லைட் போட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும். காற்று நுழைய ஓரத்தில் விரல் நுழையாத சந்து மட்டும்.

உறுதி செய்ய முகப்பை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டு (பெரும்பாலும் கீழ்ப்பக்கம் கைவிட்டு இழுத்தால் கிளிப் விடுபடும், பவர் பட்டனுக்குப் போகும் ஒயரைக் கவனியுங்கள்) பக்கத்து மூடியை மாட்டியே சோதியுங்கள். சூடு இறங்கிவிட்டால் அறுவை மேலே இல்லை, முகப்பில்தான்.

கண்ணாடி முகப்பு நாலு மூலையிலும் ஸ்குரூ போட்டு நிற்கும் மாடலாக இருந்தால் அறுக்கக்கூட வேண்டாம். லேத் பட்டறையில் அலுமினியக் கம்பியில் 20 மி.மீ. நீளத்துக்கு நாலு புஷ் (நடுவில் ஓட்டையுள்ள குழாய்த் துண்டு) கடைந்து தரச் சொல்லுங்கள். பழைய ஸ்குரூ ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, அதே மரையில் 20 மி.மீ. கூடுதல் நீளமாக நாலு ஸ்குரூ வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே புஷ், கண்ணாடி படும் இடத்தில் ரப்பர் வாஷர். கண்ணாடி முன்னால் தள்ளி நிற்கும். நாலு பக்கமும் காற்று தாராளமாகப் போகும். பார்ப்பதற்கும் வேண்டுமென்றே செய்த மாதிரி எடுப்பாக இருக்கும். நான் பார்த்த மாற்றங்களில் செலவுக்கு மிஞ்சிய பலன் தருவது இதுதான்.

பிளாஸ்டிக் முகப்பென்றால் நடுப்பகுதியை வெட்டியெடுத்துத் துளைத்தகடு பொருத்தலாம். துளைத்தகடு வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தகடு அதிகமாகவும் துளை குறைவாகவும் தெரிந்தால் அந்த டிசைன் ஸ்பீக்கருக்குத்தான் லாயக்கு. அறுகோணத் துளை போட்டதில் திறந்த பரப்பு அதிகம், தகடும் விறைப்பாக நிற்கும்.

பழைய கேபினெட்டுகளில் இன்னொரு அடைப்பு உண்டு. ஃபேன் மாட்டும் இடத்தில் தகட்டிலேயே சின்னச் சின்னப் பொத்தல்களாக அச்சடித்திருப்பார்கள். பின்பக்க ஃபேனின் காற்று பெரும்பகுதி அந்தத் தகட்டில் மோதித்தான் திரும்பும். அந்தப் பொத்தல் வட்டத்தைத் தகரக் கத்தரியால் வெட்டியெடுத்துவிட்டு வெளியே ஒரு கம்பி கிரில் மாட்டினால் சூடும் குறையும், சத்தமும் குறையும்.

புதிதாக ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் அளவு இதுதான். 120 மி.மீ. ஃபேனுக்கு ஸ்குரூ ஓட்டைகள் மையத்திலிருந்து மையத்துக்கு 105 மி.மீ.; காற்று போகும் வட்டம் சுமார் 115 மி.மீ. 140 மி.மீ. ஃபேனுக்கு ஸ்குரூ இடைவெளி 124.5 மி.மீ. தகட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் கோடு போட்டு, ஸ்குரூ இடங்களில் சென்டர் பஞ்ச் தட்டிவிட்டுத்தான் டிரில். பஞ்ச் தட்டாவிட்டால் பிட் வழுக்கிப் பெயின்ட்டைக் கீறிக்கொண்டே போகும். மேல் தகடு தனியாகக் கழன்று வருமானால் லேசர் கட்டிங்கில் கொடுத்துவிடுங்கள், விளிம்பு கத்தியால் வெட்டிய மாதிரி வரும். கழன்று வராததற்கு ஜிக்சாவும் நெருக்கமான பல்லுள்ள இரும்பு பிளேடும். கேபினெட் தகடு 1 மி.மீ. கூட இருக்காது; வெல்டிங் பட்டறையில் "கேஸ்ல சுத்தி எடுத்துர்றேனுங்க" என்றால் கும்பிட்டு வந்துவிடுங்கள், சூட்டில் தகடு நெளிந்துவிடும். ஆங்கிள் கிரைண்டரும் வேண்டாம். அதன் பொறி பக்கத்தில் இருக்கும் கண்ணாடியில் குத்திப் புள்ளி புள்ளியாக நிற்கும், எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது.

விளிம்பை அரத்தால் தேய்த்து, மேலே யு வடிவ ரப்பர் பீடிங் ஓட்டிவிடுங்கள். கார் உதிரிப் பொருள் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

"கழட்டினாலும் சூடு இறங்கல"

பிராசசரின் மேல் உட்கார்ந்திருக்கும் கூலரைப் பாருங்கள். புது மெஷின் என்றால் கூலரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருக்கலாம். சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது. பழைய மெஷின் என்றால் பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது நாலு ஸ்குரூவில் ஒன்று பிடிக்காமல் கூலர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

நம் பக்கத்தில் இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது பஞ்சு. கூலரை வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனின் இரண்டு கிளிப்பை விடுவித்து அதைத் தனியே எடுங்கள். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே, காற்று நுழையும் முகத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை ஒட்டியிருக்கும். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினால் ஒரே துண்டாகக் கையோடு வரும். திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்களிலும் நூல் மில்களிலும் இருக்கும் மெஷின்களில் இது வாடிக்கை. மண் தூசி தகடுகளின் இடுக்கில் ஓரளவு புகுந்து வெளியேறிவிடும். பஞ்சு இழையோ குறுக்கே விழுந்து, அடுத்த இழையையும் பிடித்து நிறுத்தி, தானே ஒரு துணியாகிவிடுகிறது.

எடுக்கும்போது ஏர் கம்ப்ரசரை அப்படியே பிடிக்காதீர்கள். டேங்க்கில் தேங்கிய தண்ணீர் முதல் பீச்சலிலேயே வரும். கீழ்த் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, முதலில் தரையில் ஊதிப் பார்த்து, பிறகு கேபினெட்டுக்குத் திருப்புங்கள். தையல் மெஷினை ஊத வைத்திருக்கும் சின்ன ப்ளோயர் இதற்கு இன்னும் நல்லது. ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது சுற்ற வேண்டிய வேகத்தைவிடப் பல மடங்கு சுற்றி பேரிங் போய்விடும்.

"சுத்தம் பண்ணி மாசம் ஆகல, திரும்பவும் பஞ்சு"

காற்று எந்த வழியாக உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். ஊதுபத்தி ஒன்று கொளுத்திக் கேபினெட்டின் பின்னால், காலி ஸ்லாட் இடுக்குகளுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். புகை வெளியே தள்ளப்பட்டால் நல்லது. உள்ளே இழுக்கப்பட்டால், வெளியே தள்ளும் ஃபேனின் பலம் உள்ளே இழுக்கும் ஃபேனைவிட அதிகம்; கேபினெட் மூச்சு முட்டிப்போய், ஃபில்டர் இல்லாத எல்லாச் சந்திலும் பஞ்சை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. முன்னால் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டும் பயனில்லை. மேலே ஓட்டை போட்டு ஃபேன் வைத்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

தீர்வு சுலபம். மேல் ஃபேன்களில் ஒன்றை எடுத்துவிடுங்கள், அல்லது வெளியே தள்ளுகிறவற்றின் வேகத்தை பயாஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) குறையுங்கள். ஃபில்டருள்ள முன்பக்க ஃபேன்கள் ஒரு பங்கு கூடுதலாகவே இழுக்க வேண்டும். ஊதுபத்திப் புகை திசை மாறும் வரை வேகத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள்.

ஃபில்டருக்கு ஆன்லைனில் காந்த ஃபில்டர் விற்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருப்பூர் காதர்பேட்டையில் ஜெர்சிக்குப் போடும் பாலியஸ்டர் மெஷ் துணி கட்பீஸ் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும்போது அதைவிட்டு வேறெங்கே போவது? கண் திறந்த மெஷ்ஷாகப் பாருங்கள். துணிக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெளிவாகத் தெரிய வேண்டும், வாயில் வைத்து ஊதினால் தடையில்லாமல் போக வேண்டும். பனியன் துணியும் காடாவும் ஆகாது. கறுப்பு நிறம் எடுத்தால் முகப்புத் தகட்டுக்குப் பின்னால் இருப்பதே தெரியாது. ஓரத்தை மடித்துத் தைத்து நாலு மூலையிலும் சின்னக் காந்தம் வைத்துவிட்டால் பிடுங்கி உதறி மாட்ட ஒரு நிமிஷம்தான். இரண்டு மடிப்பாகப் போட்டால் சுத்தம் இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள்; சூடுதான் ஏறும்.

ஊருக்கு ஊர் தூசி வேறு. சோமனூர், பள்ளிபாளையம் தறிக்கூடங்களில் பஞ்சோடு கஞ்சிமாவும் பறக்கும். மழைக்காலத்து ஈரத்தில் அது இறுகிவிடும். ஊதினால் போகாது, பிரஷ்ஷால்தான் தேய்த்து எடுக்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் நார்த்தொட்டி இருக்கும் இடங்களில் தேங்காய்நார்த் துகள். கனமானது, தரையோடு தரையாகக் கிடக்கும். அங்கே கேபினெட்டைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைப்பதே பாதி வேலை. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மெஷின் உள்புறமே மஞ்சளாகிவிடும். அது ஒட்டும் தூசி, ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசித்தான் ஆக வேண்டும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கும் மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கத்துக்காரர்கள் மேற்கு ஜன்னலுக்கு நேரே மெஷினை வைக்காமல் இருந்தாலே நல்லது.

அடியில் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி) மறக்க வேண்டாம். அதன் ஃபேன் கீழே பார்த்து, அடியிலிருந்து காற்றை இழுப்பதாக இருந்தால் கேபினெட்டின் அடிப்பக்க ஃபில்டரை யாருமே கழற்றியிருக்க மாட்டார்கள்.

"ஃபேன் கூட்டிட்டேன், சூடு அப்படியே இருக்குது"

ஃபேன் திசையை முதலில் பாருங்கள். சட்டத்தின் குறுக்குக் கைகள் தெரியும் பக்கம்தான் வழக்கமான ஃபேனில் காற்று வெளியே வரும் பக்கம். லைட் அழகாகத் தெரிய வேண்டும் என்று திருப்பிப் போட்டவர்கள் முன்பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பார்கள். அழகும் வேண்டும், காற்றும் வேண்டும் என்றால் அதற்கென்றே இறக்கையை எதிர்த்திசையில் அமைத்த ரிவர்ஸ் ஃபேன்கள் விற்கின்றன.

அடுத்தது, மேல்பக்கத்தில் முன்னால் இருக்கும் ஃபேன். வெளியே தள்ளும் ஃபேனை அங்கே வைத்தால், முகப்பு வழியாக வந்த குளிர்ந்த காற்று கூலரைத் தொடும் முன்பே அதைத் தூக்கி வெளியே எறிந்துவிடும். கேபினெட்டுக்குள் வந்த வேகத்தில் வேலை செய்யாமலே திரும்பிப் போகிற காற்று அது. அந்த ஃபேனைக் கழற்றி, மேலே பின்பக்கம் மட்டும் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரு ஃபேனை எடுத்ததற்குச் சூடு குறைவது விந்தையாகத்தான் இருக்கும்.

மூன்று பின் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் கத்துகிறதென்றால் பயாஸில் அந்த இணைப்பு பிடபிள்யூஎம் முறையில் (நாலாவது பின் வழியாக வேகத்தைச் சொல்லும் முறை) இருக்கிறது. டிசி முறைக்கு (வோல்ட்டேஜை மாற்றி வேகத்தை மாற்றும் முறை) மாற்றினால் அடங்கும். ஒரே இணைப்பிலிருந்து பிரித்துப் பிரித்து நாலைந்து ஃபேன் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: மதர்போர்டின் ஒரு ஃபேன் இணைப்பு வழக்கமாக 1 ஆம்பியர் வரைதான் தாங்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் ஹப் ஒன்று வாங்கிவிடுங்கள்.

"கேம் போட்டா டப்புன்னு ஆஃப்"

அணையும் நொடிக்கு முன் சூடு எவ்வளவு என்று எச்டபிள்யூஇன்ஃபோவின் பதிவில் பாருங்கள். வரம்புக்குப் பக்கத்திலேயே வராமல் அணைந்தால் அது சூடு அல்ல. விண்டோஸ் பதிவில் கெர்னல் பவர் 41 என்று இருப்பதை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது எதுவும் சொல்வதில்லை. யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேரே சுவர் பிளக்கில் போட்டுச் சோதியுங்கள். 600 விஏ என்று எழுதிய யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்டுக்குப் பக்கம்தான் தரும். கிராஃபிக்ஸ் கார்டு வேகமெடுக்கும் நொடியில் அது கையை விரித்துவிடும். அப்படியும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்.

"ஓட்டை போட்டதிலிருந்து தானா ரீஸ்டார்ட் ஆகுது"

இரும்புத்தூள். உள்ளே எல்லாம் இருக்கும்போதே டிரில் போட்டிருப்பார்கள், "பேப்பர் போட்டு மூடினேனுங்க" என்பார்கள். உடனே மின்சாரத்தைப் பிடுங்குங்கள். மதர்போர்டு முதல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, போர்டின் பின்பக்கத்தையும் கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டின் உள்ளேயும் பிரஷ்ஷால் துடையுங்கள். காலிக் கேபினெட்டின் மூலைமுடுக்கில், பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஓட்டுங்கள். கவரை உள்வெளியாகத் திருப்பினால் தூள் அதிலேயே தங்கிவிடும், காந்தத்தில் ஒட்டாது. காந்தம் அலுமினியத் தூளைப் பிடிக்காது, அதற்கு ஈரத்துணிதான். பிறகு உலர விட்டு மாட்டுங்கள்.

தூள் எதுவும் இல்லையென்றால் மதர்போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி நின்று, போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆக்குகிறதா பாருங்கள்.

"கேபினெட்டைத் தொட்டா சுர்ருங்குது"

பெயின்ட்டைச் சுரண்டிய பிறகோ, அலுமினியம் தெரியும்படி ஏதாவது மாற்றிய பிறகோதான் இந்தப் புகார் வரும். "நீங்க கை வெச்சதிலிருந்துதான் ஷாக் அடிக்குது" என்பார்கள். ஷாக் முதலிலிருந்தே இருந்தது, பெயின்ட் மறைத்துக்கொண்டிருந்தது.

எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே, மற்றது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே. எர்த் சரியாக இருந்தால் அதன் வழியாகக் கசிவு போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115க்குப் பக்கத்தில், கேபினெட்டின் உடம்பில் நிற்கும். மல்டிமீட்டர் வைத்தால் காட்டும், டெஸ்டரும் மங்கலாக எரியும். கசியும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்று இழுப்பதோடு நிற்கிறது. ஆனால் டிவியையோ ஆம்ப்ளிஃபயரையோ ஒயர் மாட்டும் நொடியில் அந்த இணைப்பைக் கெடுக்க அது போதும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளேயே வேறு கோளாறு வந்தால் ஆளையே காப்பாற்ற எர்த் இருந்தே ஆக வேண்டும்.

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாருங்கள். மேலே மூன்று ஓட்டை இருக்கும், ஒயரின் முனையில் இரண்டு பின் மட்டும் இருக்கும். அல்லது மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டர் நடுவில் உட்கார்ந்திருக்கும். தூக்கிப் போடுங்கள். சுவர் பிளக்கிலேயே எர்த் இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள்: பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் காட்டும் அளவே ஏறத்தாழக் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கோடையில் மட்டும் சுர்ரென்று இழுக்கும் வீடுகளில் எர்த் குழி வறண்டு போயிருக்கும். நம் செம்மண் பூமியில் பங்குனி சித்திரைக்குள் குழியில் தண்ணீர் ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். புது வீட்டுக்காரர்களுக்குக் குழி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. இது சரியாகும் வரை கேபினெட்டில் வேறெந்த வேலையும் வேண்டாம்.

"கொர்ருங்குது, உய்யுங்குது"

சத்தம் வரும்போது பக்கத்து மூடியின் மேல் உள்ளங்கையை அழுத்துங்கள். நின்றால் தகடுதான் அதிர்கிறது. மூடியின் உள்பக்கம் கார் கதவுக்கு ஒட்டும் டேம்பிங் ஷீட் ஒரு துண்டு, ஃபேனுக்கு ஸ்குரூவுக்குப் பதில் ரப்பர் பின். முடிந்தது.

கை வைத்தும் நிற்காமல் ஏறி இறங்கி ஏறி இறங்கி உறுமினால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஃபேன் ஏறக்குறைய ஒரே வேகத்தில், ஆனால் கொஞ்சம் வித்தியாசமாக ஓடுகின்றன. ஒன்றின் வேகத்தை நூறு இருநூறு சுற்று குறைத்தால் போதும். உய்யென்ற கீச்சொலி துளைத்தகட்டை ஃபேன் இறக்கைக்கு மிக நெருக்கமாக வைத்ததால் வருவது. நடுவே 10 மி.மீ. இடைவெளி கொடுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும் என்பது ஃபேன்களின் பொது விதி. ஆகவே சின்ன ஃபேன் ஒன்றை விரட்டுவதைவிடப் பெரிய ஃபேனை மெதுவாக ஓட்டுவது எப்போதும் லாபம்.

"லைட் பாதிதான் எரியுது"

லைட் பட்டைகளில் 5 வோல்ட் மூன்று பின் வேறு, 12 வோல்ட் நாலு பின் வேறு. 5 வோல்ட் பட்டையை 12இல் சொருகிப் பார்த்திருந்தால் அது போய்விட்டது, வேறு வாங்குங்கள். ஒரு இடம் வரை எரிந்து அதற்கப்புறம் இருட்டென்றால், கடைசியாக எரியும் விளக்கோ அதற்கடுத்ததோ கெட்டிருக்கிறது. செய்தி ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாறித்தான் போகும். வெள்ளை போட்டால் முனையில் மட்டும் மஞ்சளடித்தால் பட்டை நீளம் அதிகம், கடைசி வரை வோல்ட்டேஜ் போகவில்லை. முனையிலும் தனியாக மின்சாரம் கொடுங்கள்.

"பவுடர் கோட்டிங் முடிஞ்சு வந்துச்சு, ஸ்குரூ ஏறல"

ஏறாது. பவுடர் மரைக்குள்ளும் படிந்து, 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வெந்து கெட்டியாகியிருக்கும். எம்3, 6-32 (கேபினெட்டில் வரும் இரண்டு மரை அளவுகள்) இரண்டுக்கும் மரை வெட்டும் டேப்பை வாங்கி மரையைத் திரும்ப ஓட்ட வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் தெரியும். மாற்றி ஓட்டினால் மரை போய்விடும். கொடுப்பதற்கு முன்பே பட்டறைக்காரரிடம் சொல்லியிருந்தால் இந்த வேலை மிச்சம்: தாங்கிகள் உட்காரும் ஓட்டைகளை ஒட்டும் டேப் போட்டு மறைக்கவும், எஸ்எம்பிஎஸ் பொருந்தும் பின்தகட்டின் உள்முகத்தைப் பூசாமல் விடவும். எர்த் அந்த முகத்தின் வழியாகத்தான் கேபினெட்டுக்கு வருகிறது. பூசி வந்துவிட்டதென்றால் ஸ்குரூ உட்காரும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் சுரண்டுங்கள்.

கொடுக்கும் முன் ரிவிட்டுகளை டிரில்லால் எடுத்துத் தகடு தகடாகப் பிரித்துவிடுங்கள். பட்டன், கிளிப், ரப்பர், ஒயர் எதுவும் அதில் இருக்கக் கூடாது. தகடுகள் முதலில் தொட்டி தொட்டியாக ரசாயனத்தில் முங்கப் போகின்றன, பிறகு அடுப்பு. திரும்ப மாட்ட 3.2 மி.மீ. பாப் ரிவிட்.

வீட்டிலேயே ஸ்பிரே அடிக்கிறவர்களுக்கு: 400 வாட்டர் பேப்பர், பிரைமர், 600, பெயின்ட். ஒரே மூச்சில் தடிமனாக அடித்தால் வடியும். தூரத்திலிருந்து அடித்தால் சொரசொரப்பாகும். மெல்லிசாக மூன்று நாலு தடவை, நடுவே பதினைந்து நிமிஷம். ஆடி மாதத்தில் மொட்டை மாடியில் மட்டும் அடிக்காதீர்கள். பளபளப்பில் ஊர் மண் முழுக்க ஒட்டியிருக்கும்.

"கண்ணாடியில ஓட்டை போடலாங்களா?"

டெம்பர்டு கண்ணாடியில் முடியாது. டிரில் பட்ட நொடியில் முழுவதும் பொடிப்பொடியாகக் கொட்டும். கழற்றி டைல்ஸ் தரையில் ஓரத்தை ஊன்றி வைத்தாலும் அதே கதிதான், மெத்தையிலோ அட்டையிலோ படுக்க வையுங்கள். ஓட்டை வேண்டுமென்றால் 3 மி.மீ. அக்ரிலிக்கை நேம் போர்டு செய்கிற கடையில் லேசரில் வெட்டிக்கொள்ளுங்கள், பாதுகாப்புத் தாளை உரிக்காமலே. வெட்டிய விளிம்பை ஸ்பிரிட்டாலோ தின்னராலோ துடைத்தால் மறுநாள் விளிம்பிலிருந்து மயிரிழை விரிசல்கள் கிளம்பும். சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும்; பருத்தித் துணிக்கு நம் ஊரில் குறைவில்லை.

கிராஃபிக்ஸ் கார்டை நிமிர்த்தி வைத்து அழகு பார்க்கிறவர்கள் கார்டின் ஃபேனுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு விரல் அகலமாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டும் சட்டத்தை வாங்க வேண்டும். அகலம் போதாத கேபினெட் என்றால் கண்ணாடிக்குப் பதில் அதே அக்ரிலிக்கில், கார்டின் ஃபேனுக்கு நேராக வட்டமோ கோடுகளோ வெட்டித் திறந்துவிடலாம். அதன் உள்பக்கமும் ஒரு ஜெர்சி மெஷ் துண்டு ஒட்டிவிடுங்கள். அந்த ஃபேன் நேரே வெளியிலிருந்து இழுக்கும்.